ஒரு சனிக்கிழமை முந்திய வாழ்த்து

ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு ஐந்தடிப்பாதை வாரியத்தின் தலைமை இயக்குநர் அய்யாக்கண்ணு டத்தோ ஆனார். அவரை டத்தோ ஆக்கியவர், வழக்கமாக அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் மாநில ஆளுநர் அல்ல. ஜெலுத்தோங் சந்தையில் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரிகா.

ஆக்கிவிட்டோம் என்று அவளுக்கே அப்போது தெரியாது. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி நடுங்க ஆரம்பித்தது. "டத்தோவுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்" என்று வாரியத்தின் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகைக்காரர். அடுத்து ஒரு கோயில் நிர்வாகம். அடுத்து ஒரு வர்த்தகச் சங்கம். எல்லாமே அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு வந்த பதில்கள். சனிக்கிழமை காலையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவள் எந்த மின்னஞ்சலை அனுப்பினாள்? யோசித்தாள். ஞாபகம் வந்தது. மீனை அங்கேயே போட்டுவிட்டு ஓரமாய் வந்து நின்றாள்.

வாரியத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் முன்னால், கூரைக்குக் கீழே ஐந்தடி அகலத்துக்கு ஒரு நடைபாதை விட்டிருப்பார்கள். வெயிலும் மழையும் படாமல் மனிதர்கள் நடப்பதற்காக. அதில் மோட்டார் சைக்கிள், எரிவாயு உருளை, நாற்காலி, பூந்தொட்டி, சாமிமேடை எல்லாம் இருக்கும்; நடப்பவர்கள் ரோட்டில் இருப்பார்கள். இந்த நடைபாதைகளைக் காலியாக வைத்திருப்பது வாரியத்தின் வேலை. இருநூற்றுப் பதினான்கு பேர் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். நடக்கக்கூடிய ஐந்தடிப்பாதை ஊரில் இன்னும் எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று ஆய்வு நடக்கிறது.

அந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் சந்திரிகா மக்கள் தொடர்புப் பிரிவின் கிராணி, கடிதம் தட்டும் எழுத்தர். ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு ஜனவரியிலும் மனிதவளப் பிரிவின் முத்திரையில் உயிர் வரும். இந்த ஆண்டுதான் அவளை நிரந்தரமாக்கும் கடிதம் தட்டச்சாகி, முத்திரை குத்தப்பட்டு, இயக்குநர் மேசைக்குப் போயிருந்தது. அய்யாக்கண்ணு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஏப்ரலில் போன கடிதம். ஜூலையிலும் அது மேசையில்தான் இருந்தது.

இனி அந்த மின்னஞ்சலுக்கு வருவோம். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, ஆளுநர் பிறந்தநாளை ஒட்டி விருதுப் பட்டியல் வெளியாகும். பெயர் வந்த அதிகாரிக்கு அவருடைய அலுவலகம் முந்திக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். வாழ்த்து எவ்வளவு சீக்கிரமோ விசுவாசம் அவ்வளவு கெட்டி என்று கணக்கு. அய்யாக்கண்ணுவுக்கான வாழ்த்து மடலை ஆறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் பட்டியல் வரும், அவர் பெயர் வராது, மடலில் ஆண்டை மட்டும் மாற்றி அடுத்த ஜூலைக்கு எடுத்து வைப்பார்கள். இந்த ஆண்டு புதிதாக ஓர் உத்தரவு. போன தடவை வேறொரு வாரியத்தின் தலைவருக்குப் பட்டியல் வந்த மூன்றாம் நிமிடமே வாழ்த்து போய்விட்டதாம். அந்த மானக்கேடு நமக்கு வரக்கூடாது. ஆகவே மடல் தானாகவே கிளம்பும்படி நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். பெயர் வராவிட்டால் கடைசி நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

சந்திரிகா வைத்தாள். திரையில் வந்த குட்டி நாட்காட்டியில் ஒரு வரிசை மேலே தொட்டுவிட்டாள். பாவம், அவ்வளவுதான் அவள் செய்த பாவம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மடல் ஒரு வாரம் முன்னதாகவே போய்விட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணி அடித்துவிட்டது. யானை உண்டா என்பது யாருக்கும் தெரியாது.

மின்னஞ்சல்களுக்கெல்லாம் காவலாக இருக்கும் கணினிப் பிரிவுக் கிஷனை அழைத்தாள்.

"தம்பி, தப்பா ஒரு ஈமெயில் போயிருச்சு. எப்படியாவது திரும்ப வாங்கிடு."

"வாங்கலாம் அக்கா. ரீகால் பட்டன் எங்கிட்டதான் இருக்கு."

"அப்ப அமுக்கு லா!"

"அமுக்கலாம். ஆனா அதுக்குன்னு இருக்கிற விண்ணப்பப் பாரம் வேணும். நீங்க எழுதி, ஒங்க ஹெட் சைன் பண்ணி, எங்க ஹெட் சைன் பண்ணி, அப்பறம் ஈமெயில்ல யாரு பேரு இருக்கோ அவரு சைன் பண்ணணும்."

"இதுல பாஸ் பேருதான தம்பி இருக்கு. நான் டத்தோ இல்லன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அக்கா. பாரத்துல அப்படித்தான் இருக்கு. இருவது வருஷமா இங்க யாருமே ரீகால் கேட்டதில்ல. நம்ம வாரியத்துல இதுவர தப்பா ஒரு ஈமெயிலும் போகல, ரெக்கார்ட்ல."

திங்கட்கிழமை காலை அவள் அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் நாற்பத்து மூன்று பூ அலங்காரங்கள் மூன்று கால் தாங்கிகளில் நின்றுகொண்டிருந்தன. குத்தகைக்காரர்கள், சங்கங்கள், பூந்தொட்டி வைத்ததற்காக அபராதம் கட்ட வேண்டிய கடைக்காரர்கள், எல்லாரும் அனுப்பியிருந்தார்கள். சிவப்பு நாடாவில் தங்க எழுத்தில் டத்தோ, டத்தோ, டத்தோ. வாரியத்தின் சொந்த ஐந்தடிப்பாதையில் ஒரு பூனைகூட நுழைய வழியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு அய்யாக்கண்ணு வந்தார். விசேஷத்துக்குப் போடும் புது பாத்தேக் சட்டை. கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தட்டினால் சிக்கலா, தட்டாவிட்டால் சிக்கலா என்று யோசித்துப் பார்த்து, தட்டாவிட்டால்தான் என்று முடிவுக்கு வந்தவர்கள். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். ஒரு தடவை அமர்த்தியதில் நிற்கவில்லை. இரண்டாம் தடவை அவர் அவ்வளவு வேகமாக அமர்த்தவும் இல்லை.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார். "விருது கெடைக்கிற ஆளுக்கு முன்னாடியே ரகசியக் கடிதம் வரும். எனக்கு வந்துச்சா வரலயான்னு சொல்லக்கூடாது. சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னாங்கன்னும் சொல்லக்கூடாது. நான் பட்டத்துக்கு ஆசப்படுற ஆளே கெடயாது. ஆறு வருஷமா ஒவ்வொரு ஜூலையும் ஆசப்படாமதான் இருக்கேன், எல்லாருக்கும் தெரியும். தயவுசெஞ்சு யாரும் என்ன டத்தோன்னு கூப்பிடாதீங்க. கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்னு உத்தரவாதம் குடுக்க முடியாது."

பின்வரிசையிலிருந்து யாரோ "டத்தோ!" என்றார்கள். திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்கு மனிதவளப் பிரிவின் தலைவி ஜெயலெட்சுமி, சந்திரிகாவை அறைக்கு அழைத்தார். மேசை மேல் விளக்கம் கேட்கும் கடிதம் தயாராக இருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் எழுத வேண்டும். உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று நீயே காரணம் சொல்ல வேண்டும்.

"செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன் மேடம். இப்பவே திருத்தம் அனுப்பிடட்டா?"

"அனுப்பிடாத! திருத்தம் போனா பாஸ் டத்தோ இல்லன்னு ஆயிடும்."

"அவரு இப்ப டத்தோ இல்லதான மேடம்?"

ஜெயலெட்சுமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது ஒனக்கு எப்படித் தெரியும்? கடிதம் ஒனக்கா வரும்? வர்ற சனிக்கெழம அவரு பேரு வந்துச்சுன்னா, ஆவப்போற டத்தோவ இல்லன்னு சொன்ன ஆளுங்க ஆயிடுவோம் நாம. புரியுதா?"

"அப்ப ஈமெயில் தப்பில்லயே மேடம். எனக்கு எதுக்கு இந்தக் கடிதம்?"

"இல்லாததை இருக்குன்னு அனுப்பினதுக்கு."

"இப்பத்தான மேடம் இல்லன்னு சொல்லக்கூடாதுன்னீங்க?"

"சொல்லத்தான் கூடாது," என்றார் ஜெயலெட்சுமி. "தண்டனைக்கு அது தேவையில்ல. இன்னொன்னு. ஒன்னோட நிரந்தரக் கடிதம் அவரு மேசையிலதான் இருக்கு. இந்த வாரம் முழுக்க ஒன் வாயில நல்ல வார்த்தையா வரட்டும்."

சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதிரை கீழே தள்ளியது மட்டுமில்லாமல் குழியும் பறித்ததாம். இங்கே குழி வெட்டி முடித்து, அதற்குள் இறங்குவதற்குக் காரணம் எழுதிக் கொடு என்கிறார்கள். ஆனால் விளக்கம் கேட்ட கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நிரந்தரக் கடிதம் மேசையில் இருக்கிறவர்கள் எதையும் இரண்டு கையாலும்தான் வாங்குவார்கள்.

நேர்மைப் பிரிவு என்று ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. பொய்ப் பட்டம் போட்டுக்கொள்வது நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதால் அங்கே போய்த் தானாகவே சொல்லிவிடலாம் என்று போனாள். அதிகாரி ஹஸ்ருல் நல்ல மனிதர், இளைஞர், மேசையில் நேர்மைக்காக வாங்கிய இரண்டு பரிசுக் கோப்பைகள். மலாயில் பொறுமையாக விளக்கினார். தவறு நடந்திருந்தால் அவர் விசாரிப்பார். தவறு நடந்ததென்று வாரியம் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாரியம் தெரிவிக்கவில்லை, ஆகவே தவறு நடக்கவில்லை. நடக்காத தவறை ஒப்புக்கொள்ள வருவதே நேர்மைக் குறைவாகப் பார்க்கப்படலாம் என்று எச்சரித்து, அவளுக்காகக் கதவையும் திறந்துவிட்டார்.

புதன்கிழமை "மின்னஞ்சல் மறுபரிசீலனைச் செயற்குழு" கூடியது. ஜெயலெட்சுமி தலைவர், ஹஸ்ருல், கிஷன் உறுப்பினர்கள், சந்திரிகா குறிப்பெடுப்பவள், குற்றவாளி. தேநீரும் கறிபாப் பலகாரமும் வந்தன. முதல் முக்கால் மணி நேரம் குறிப்பில் இயக்குநரை எப்படிக் குறிப்பிடுவது என்பதிலேயே போனது. டத்தோ என்று எழுதினால் சட்டம் பிடிக்கும். திரு என்று எழுதினால் அவர் பிடிப்பார். கடைசியில் பெயருக்கு முன்னால் சிறிது இடம் விட்டு எழுதுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எவ்வளவு இடம் என்பது அடுத்த விவாதம். ஆறு எழுத்து அளவு என்றார் கிஷன். ஒருவேளை பட்டம் பெரிதாக வந்துவிட்டால் போதாது என்றார் ஜெயலெட்சுமி.

பிறகு திருத்த மடலை எடுத்தார்கள். சந்திரிகா எழுதி வைத்திருந்தது ஒரே வரி. "சனிக்கிழமை அனுப்பிய வாழ்த்து மடல் தவறுதலாக அனுப்பப்பட்டது, வருந்துகிறோம்."

"தவறுதலாகன்னா, அவருக்குக் கெடைக்கிறதே தவறுங்கிற மாதிரி இருக்கு," என்றார் ஜெயலெட்சுமி. தவறு போனது.

மலாயில் சொல்லக் கேட்டுவிட்டு, அனுப்பப்பட்டது என்று எழுதினால் அனுப்பியது வாரியம் என்று ஆகிவிடும் என்றார் ஹஸ்ருல். அதுவும் போனது.

"வருந்துகிறோம்?" என்று கேட்டார் கிஷன். "பாஸ் டத்தோ ஆனதுக்கு நாம ஏன் வருந்தணும்?"

எல்லாரும் அவசரமாகப் பேனாவை எடுத்தார்கள். அதற்கு எதிர்ச்சொல் போட்டார்கள். மீந்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்தபோது மடல் இப்படி இருந்தது: "சனிக்கிழமை மடலை அதற்குரிய காலத்தோடும் உரிய உயரத்தோடும் பொருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏற்பட்ட சிரமத்துக்கு மகிழ்கிறோம்." உயரம் எப்படி வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். ஐந்து கையெழுத்து வாங்கி, வியாழன் மதியம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள்.

வாசித்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம்தான் பட்டது. உரிய உயரமா? அப்படியானால் வெறும் டத்தோ இல்லை, அதற்கும் ஒரு படி மேல், டத்தோ ஶ்ரீ! நாம் சின்னப் பூவாக அனுப்பிவிட்டோமே!

வெள்ளிக்கிழமை காலைக்குள் பூ அலங்காரங்கள் தொண்ணூறைத் தாண்டின. இரண்டாவது சுற்றில் வந்தவை முதல் சுற்றை விட உயரம். பாலிக் புலாவிலிருந்து ஒரு குத்தகைக்காரர் லாரி நிறைய டுரியான் பழம் அனுப்பினார். அதை எங்கே இறக்குவது? ஐந்தடிப்பாதையில் இறக்கினார்கள். மதியம் ஒரு வயதான சீன அம்மாள், வழக்கமாக நடக்கும் பாதையில் நடக்க முடியாமல் ரோட்டில் இறங்கினார். ஒரு மோட்டார் சைக்கிள் கைப்பிடி முழங்கையில் இடித்தது. தள்ளாடி விழுந்து, எழுந்து, வாரியத்தின் புகார் எண்ணுக்கே படம் எடுத்து அனுப்பினார். புகாருக்குப் பதில் எழுத வேண்டியது சந்திரிகா. வாரியத்தில் எல்லாப் புகாருக்கும் ஒரே பதில்தான்: "தங்கள் புகார் கிடைத்தது. ஆய்வு நடைபெறுகிறது." அதையே அந்த அம்மாளுக்கும் தட்டி அனுப்பினாள். எழுந்து போய், கணக்குப் பிரிவில் இருக்கும் தோழி நூர்ஜானிடம் கொட்டினாள்.

"ஒரு வரி நூர்ஜான். ஒரே ஒரு வரி. தப்பா போயிருச்சு, மன்னிச்சிருங்கன்னு. சொல்ல விடமாட்டேங்கிறாங்க."

"நாளைக்குப் பட்டியல் வந்துரும் சந்திரி. வந்தா அவரு சந்தோஷத்துல ஒன் கடிதத்துல சைன் வச்சிருவாரு."

"வரலன்னா?"

நூர்ஜான், பசியாறினாயா என்று கேட்டாள்.

சனிக்கிழமை பட்டியல் வந்தது. சந்திரிகா மூன்று தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை, யாருக்கும் தெரியாமல், அந்தப் பெயர் இருக்கட்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டே வாசித்தாள். அந்த மனிதருக்காக இப்படி வேண்டிக்கொள்ள வைத்துவிட்டார்களே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெயர் இல்லை.

திங்கட்கிழமை அய்யாக்கண்ணு மருத்துவ விடுப்பில் போவார் என்று பாதி அலுவலகம் பந்தயம் கட்டியிருந்தது. வந்துவிட்டார். அதே பாத்தேக் சட்டை. வாசலில் பூக்கள் அழுகி, டுரியான் வெடித்து, ஈக்கள் டத்தோ என்ற எழுத்துகளின் மேல் உட்கார்ந்திருந்தன. கூடத்தில் இந்தத் தடவை கை தட்டுவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குக் கையைப் பாதி தூரம் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

"நடந்த விஷயத்த முழுசா விசாரிச்சாச்சு," என்றார் அவர். "யாரு விசாரிச்சாங்கன்னு கேக்காதீங்க, நான்தான். முடிவு என்னன்னா, நம்ம வாரியத்தோட மடல்ல எந்தத் தப்பும் இல்ல. வார்த்த சரி. பேரு சரி. பட்டம் சரி. தேதி மட்டுந்தான் முந்திப் போச்சு. எவ்வளவு முந்தியிருக்குன்னு சனிக்கெழம வரைக்கும் ஒரு வாரம்னு நெனச்சோம். ஒரு வாரம் இல்லன்னு இப்பத் தெரிஞ்சிருக்கு. ஒரு வருஷமா இருக்கலாம், ரெண்டா இருக்கலாம். வாரியம் அவசரப்படாது. நேர்மையான அமைப்புன்னா சொன்ன சொல்ல திரும்ப வாங்கக் கூடாது. அது நெசமாகிற வரைக்கும் பொறுமையா நிக்கணும்."

இப்போது கை தட்டலாம் என்று தெரிந்துவிட்டது. தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஜெயலெட்சுமி சந்திரிகாவிடம் முடிவைத் தாளில் கொடுத்தார். மடல் உரிய நேரத்துக்கு முன் அனுப்பப்பட்ட விவகாரம் திறந்த கோப்பாக இருக்கும். மடல் உண்மையாகும் நாளில் கோப்பு மூடப்படும். அதுவரை அனுப்பிய ஊழியரின் நிரந்தர நியமனம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மேலும், அடுத்த ஆண்டுப் பட்டியலுக்காக இயக்குநரைப் பரிந்துரைக்கும் விண்ணப்பத்தை அந்த ஊழியரே தயாரிக்க வேண்டும்.

"நல்லா யோசிச்சுப் பாரு சந்திரிகா," என்றார் ஜெயலெட்சுமி, உண்மையான கனிவோடு. "அவருக்குக் கெடச்சா ஒனக்கும் கெடச்ச மாதிரி. ஒன்ன விட அக்கறையா வேற யாரு எழுதுவா?"

சந்திரிகா இருக்கைக்குத் திரும்பினாள். விண்ணப்பத் தாளில் முதல் கேள்வி: "பரிந்துரைக்கப்படுபவர் பொதுமக்களுக்கு ஆற்றிய சேவை." கீழே பன்னிரண்டு வரிக்கு இடம். ஒன்பது ஆண்டுகளில் அவள் எழுதி அனுப்பிய 'ஆய்வு நடைபெறுகிறது' பதில்கள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. வந்த கோபம் போகவில்லை.

மின்னஞ்சலைத் திறந்தாள். பக்கத்தில் வந்து நின்ற நூர்ஜான், திரையைப் பார்த்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் சந்திரி. யாரையாச்சும் கேட்டு, ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பு."

"ஒம்பது வருஷமா ஒரு கையெழுத்துக்குத்தான் நூர்ஜான் நிக்கிறேன்."

நூர்ஜான் கையை எடுத்தாள். மடல் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போனது. "வணக்கம். எங்கள் இயக்குநர் திரு. அய்யாக்கண்ணு டத்தோ அல்ல. ஜூலை முதல் சனிக்கிழமை வந்த மடல் என் கைத்தவறுதலால் வந்தது. மன்னியுங்கள். தயவுசெய்து வாசலில் இருக்கும் உங்கள் பூக்களை எடுத்துக்கொள்ளுங்கள், நடக்க வழியில்லை. சந்திரிகா, கிராணி." அப்போது மணி பதினொன்று பதினாறு.

பதினொன்று இருபதுக்கு அந்த மடல் உலகத்தில் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மறைந்துபோனது. செயற்குழு கூடவில்லை. பாரம் எழுதவில்லை. கறிபாப் வரவில்லை. பதினொன்று இருபத்து ஒன்றுக்கு எல்லாருக்கும் புதிதாக ஒரு மடல் வந்தது. "சற்று முன் வந்த மடல் தவறானது. பொருட்படுத்த வேண்டாம். வருந்துகிறோம்." ஒன்பது நாளாக அவள் எழுதக் கேட்ட வரி அது. எந்தச் சொல்லையும் யாரும் வெட்டவில்லை.

பதினொன்றரைக்கு இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது. ஒன்பது ஆண்டில் முதல் தடவையாக அந்த அறைக்குள் போனாள். ஜெயலெட்சுமி ஓரமாக நின்றிருந்தார். அய்யாக்கண்ணுவுக்குக் கோபமில்லை; மனசு நொந்தவர் போல இருந்தார்.

"ஏம்மா, நான் ஒனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? ஊர் பூரா இப்படி ஒரு பொய்ய அனுப்பிட்டியே."

"பொய் இல்ல சார். நெசத்தத்தான் எழுதினேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "நெசமா இருந்தா நாலு நிமிஷத்துல திரும்ப வாங்க முடிஞ்சிருக்குமா, சொல்லு? மொத மடல பாரு. ஒம்பது நாளா இத்தன ஆபீசருங்க முட்டி மோதியும் அத அசைக்க முடியல. எதும்மா நெசம்?"

சந்திரிகா மேசையைப் பார்த்தாள். ஏப்ரலில் போன அவளுடைய கடிதம், முத்திரையோடு, அவருடைய தேநீர்க் கோப்பைக்குக் கீழே இருந்தது. ஜெயலெட்சுமி அதற்குப் பக்கத்தில் வேறொரு தாளை வைத்து, இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது என்று வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அய்யாக்கண்ணு பேனாவைத் திறந்தார். யோசிக்கவில்லை, படித்துப் பார்க்கவில்லை, நாளைக்கு என்று சொல்லவில்லை. சந்திரிகாவின் பெயர் இருந்த ஒரு தாளில், ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவையாக, அழகாக ஒரு கையெழுத்துப் போட்டார்.